ஆயாக்கொட்டகைக்குள் கதையை எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் அம்மா அப்பா வேலை செய்த ரப்பர்த் தோட்டம் கைமாறிவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். கோயில் கமிட்டி பழைய ஆயாக்கொட்டகையை, அதாவது வேலைக்குப் போன அம்மாக்கள் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போன கொட்டகையை, உங்களிடம் ஒப்படைத்து, மிச்சமிருக்கும் சாமான்களை வைத்து ஒரு சின்னக் காட்சிக்கூடம் போடச் சொல்லியிருக்கிறது. 20 அடிக்கு 40 அடி இடம், கையில் 8,000 வெள்ளி (ரிங்கிட்). நீங்கள் டிசைன் படித்தவர். வடிவமைப்பில் கதை சொன்னால் உணர்ச்சி வரும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறீர்கள். "உள்ளே வருகிறவர்கள் கண்கலங்கித்தான் வெளியே போக வேண்டும், அதற்குக் கதையை எப்படி அமைப்பது?" என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: வருகிறவர்கள் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, போனில் நாலு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் ஒவ்வொரு வேலையிலும் உண்டு, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான், அம்மா பால் வெட்டியவர். உள்ளலங்காரம் படித்து, 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் வீடமைப்பு நிறுவனங்களுக்கு மாதிரி வீடு செய்து கொடுத்த காலம். அருங்காட்சியக வேலை, தோட்டக் கூடங்கள், பள்ளிக் கண்காட்சி எல்லாம் அப்புறம் வந்தவை. கதை சொல்லும் வித்தையை நான் கற்றது மாதிரி வீட்டில்தான். பால்கனியில் இரண்டு காப்பிக் கோப்பை வைப்போம், ஒன்று பாதி குடித்ததுபோல. சின்ன அறையின் கதவோரம் ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு. கட்டிலைத் தச்சரிடம் சொல்லி ஒரு சாண் குறைத்துச் செய்வோம், அறை பெரிதாகத் தெரியும். வாங்க வருகிற கணவன் மனைவி அந்தச் செருப்பைப் பார்த்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அந்த நிலமும் ஒரு காலத்தில் பால்காடுதான். வாங்க வந்தவர்களில் தோட்டத்தைவிட்டுக் கிளம்பச் சொல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே 'கதை' என்ற சொல்லை யாராவது சாமி பேர்போல உச்சரித்தால் எனக்கு லேசாகக் கூச்சம் வரும். அது ஒரு கருவி. யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வேலை செய்யும்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். மனிதர்களுக்குக் கதையை ஊட்ட வேண்டியதில்லை, அவர்களே செய்துகொள்வார்கள். 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் காட்டினார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சின்ன முக்கோணம் ஒன்று, ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி. இவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரைக் கேட்டபோது ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னார். மற்ற எல்லாரும் உயிருள்ளவை நடந்துகொள்வதுபோலவே சொன்னார்கள்: சண்டை, மிரட்டல், தப்பித்து ஓடுவது. இதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு மேசையில் பால் வெட்டும் உளியையும் ஒரு பிஞ்சுக் கொலுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், பார்க்கிறவர் மனதில் ஒரு தாய் வந்துவிடுகிறாள். நீங்கள் எழுதவே வேண்டாம். நீங்கள் முடிவு செய்ய வேண்டியதெல்லாம் எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது அப்புறம், எதை அவர் பத்தடி நடக்கும் வரை பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான். வடிவமைப்பில் கதை என்று நான் சொல்வது இந்த வரிசையை. சுவரில் எழுதுகிற வாசகமோ பின்னணி இசையோ வரிசை சரியில்லாத இடத்தில் உதவுவதில்லை.

வரிசை மாறினால் கதை எப்படி மாறும் என்பதற்கு நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பவை: உளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு, பால் வாளி, தொழிலாளர் பெயர்ப்பதிவான செக்ரோல் புத்தகம் ஒன்று, சில படங்கள். கூடத்தை 1877-ல் தொடங்கினீர்கள் என்று வையுங்கள். கோலகங்சாரில் நட்ட 9 ரப்பர்க் கன்றுகள், வெள்ளைக்கார ரெசிடென்ட், அப்புறம் ஏற்றுமதிக் கணக்கு. அது மரத்தின் கதை. அதில் உங்கள் பாட்டி ஒரு கூலி எண். சரி, 1948-ல் தொடங்கலாம். அந்த ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொட்டு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அங்கே தொடங்கினால் அதே உளிகூடக் கொஞ்சம் ஆயுதம்போலத் தெரியும். 1960-ல் தொடங்கினால்? பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலம், இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்குகிறார், பால் வெட்டுகிறவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்க்கிறார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்படுகின்றன. உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது பழைய பங்குப் பத்திரம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதை முதலில் காட்டிவிட்டு உளியைக் காட்டினால் அதே உளி முதலாளியாகப் பார்த்த ஒருவரின் கருவியாகிவிடும். சாமான்கள் அவையேதான், ஒன்றும் பொய்யில்லை. முதலில் எது என்பது மட்டும் மாறியது. பொதுவாக எல்லாரும் 1877-ல்தான் தொடங்குகிறார்கள், காரணம் அது வருடக் கணக்கில் முதலில் வருகிறது. காலவரிசை சோம்பேறித்தனமான வரிசை என்பது என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல வடிவமைப்பாளர்கள் உண்டு.

காலவரிசையையே வைத்து அசத்தியவர்களும் இருக்கிறார்கள், நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் 1982-ல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவர். வடிவமைத்த மாயா லின் அப்போது மாணவி, போட்டியில் தேர்வானபோது வயது 21. கறுப்புக் கிரானைட், அதில் இறந்தவர்களின் பெயர்கள், 58,000-க்கு மேல். பெயர்கள் அகரவரிசையில் இல்லை, இறந்த தேதி வரிசையில் இருக்கின்றன. இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலையில் முதலில் இறந்தவரும் கடைசியில் இறந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் அங்கே வைத்திருக்கும் பெயரேட்டைப் புரட்டி, பலகை எண் பார்த்து, நடந்து போய், விரலால் வரி எண்ணித்தான் தொட முடியும். தொடும்போது பளபளப்பான கல்லில் தொடுகிறவரின் முகமும் தெரியும். யாரும் அங்கே "அழுங்கள்" என்று எழுதவில்லை. தேடுவது, நடப்பது, தொடுவது என்று உடம்புக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். கண்ணுக்கு மட்டும் தீனி போடும் கூடத்தைவிட, கைக்கும் காலுக்கும் ஒரு சின்ன வேலை கொடுக்கும் கூடம் மனதில் நிற்கிறது.

இப்போது கொஞ்சம் சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். உங்கள் வகுப்பில் "ஒரே ஒரு மனிதரின் கதையைச் சொல்லுங்கள், எண்ணிக்கை யாரையும் அசைக்காது" என்று சொல்லியிருப்பார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2007-ல் வந்த ஓர் ஆய்வு. கையில் 5 டாலர் கொடுத்து, மாலி நாட்டின் ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் நன்கொடை தந்தார்கள். பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரம் படித்தவர்கள் தந்தது 1.14 டாலர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இந்த விளைவு மிகச் சிறியதாகத்தான் தெரிந்தது. பிற்பாடு இந்தக் குறிப்பிட்ட ஆய்வையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே 'ஒருவர் கதை' என்பதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒருவரின் பெயரில்தான் தொடங்குவேன், ஆனால் என் காரணம் வேறு. பெயர் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் வாய் திறப்பார்கள். "ஓ, அந்த அக்காவா, அவங்க வீடு ரெண்டாவது லயத்துல" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவரே தன்னோடு வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு போவார்.

இந்த இடத்தில் நான் கெடுத்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு வேறொரு தோட்டத்தில், மூடப்பட்ட பள்ளிக்கட்டடத்தில் ஒரு கூடம். வாஷிங்டனில் இருக்கும் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் வருகிறவர் கையில் உண்மையான ஒருவரின் வாழ்க்கை எழுதிய அடையாள அட்டையைக் கொடுப்பார்கள் என்று படித்திருந்தேன். அதையே இங்கே போட்டேன்: வாசலில் ஆளுக்கு ஒரு செக்ரோல் சீட்டு, நீங்கள் இன்றைக்கு இந்த எண்ணுள்ள தொழிலாளி என்று. உள்ளே இருட்டு, மழைச் சத்தம், வயலின், எலும்பு தெரியும் பழைய படங்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் அழுதார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் அந்தத் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டிய ஒரு பாட்டி வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முழுக்கச் சுற்றிவிட்டு வெளியே வந்து கேட்டார்: "ஏன் தம்பி, நாங்க அழுதுக்கிட்டேவா பால் வெட்டுனோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபமாகவும் கேட்கவில்லை. பக்கத்தில் மேசையில் இருந்த ஒரு மங்கை எடுத்தார். பேசிக்கொண்டே கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார், உள்ளே ஒன்றுமே இல்லை, தூசிகூட இல்லை. துடைத்து, கவிழ்த்து, விளிம்பைத் தட்டி வைத்தார். அடுத்ததை எடுத்தார். திடலில் படம் போட்ட ராத்திரிகள், தீமிதிக்கு யார் யார் இறங்கினார்கள், வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை மரத்தில் உரிக்கும்போது அது முழு நாடாவாக வந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று இவர்களுக்குள் ஒரு நம்பிக்கை, இதெல்லாம் சொன்னார். கை மட்டும் மங்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. ஒன்பதோ பத்தோ. என்னுடைய இருட்டும் வயலினும் அந்த ஒரு கைக்கு முன்னால் எதற்கும் ஆகாதவை என்று அன்றைக்குத் தெரிந்தது. இரக்கம் என்பது கொண்டுவர மிக எளிதான உணர்ச்சி, அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் அதைத் தேடிப் போகிறோம். இரக்கப்படுகிறவர் உயரத்தில் நிற்கிறார். கதைக்குச் சொந்தக்காரர் அந்தக் கூடத்துக்குள் வந்து, தன்னைக் கீழே நிற்கவைத்திருப்பதைப் பார்த்தால் அது வடிவமைப்பின் தப்பு. அடுத்த வாரமே வயலினை எடுத்துவிட்டேன், சீட்டையும் எடுத்துவிட்டேன். ஒரு மேசை, வேலிக் கம்பியில் மாட்டிய இருபது மங்கு, ஒரு துணி. விளக்கக் குறிப்பு கிடையாது. தோட்டத்தில் இருந்தவர்கள் வந்ததும் தானாகத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து எப்படி என்று கேட்பார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு விஷயம் வருகிறது. உங்கள் கூடத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். அங்கே வாழ்ந்தவர்கள், வாழாதவர்கள். ஒரே பொருள் இருவருக்கும் ஒரே உணர்ச்சியைக் கொடுக்காது. நான் ஒரு தடவை கோட்டுப்பாலை மூடி போட்ட மரப்பெட்டியில் வைத்தேன். அந்த வாடை உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூடியைத் திறந்த நகரத்துப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பின்னால் வந்த பெரியவர் திறந்தார், மூடவில்லை, அப்படியே நின்றார். இருவருக்கும் ஒரே மாதிரி உணர்ச்சி வர வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். இப்போது நான் செய்வது, வாழ்ந்தவர் பேசுவதற்கு ஒரு இடம், வாழாதவர் கேட்பதற்கு அதற்குப் பக்கத்திலேயே ஒரு இடம். பெட்டிக்கு மூடி இருப்பதும் முக்கியம். வாடையை அறை முழுக்கப் பரப்பினால் அது வந்தவர்மேல் திணிப்பது. மூடி இருந்தால் திறப்பது அவர் கை.

சரி, உங்கள் கொட்டகைக்கு வருவோம். நீங்கள் போட்டிருக்கும் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் தெரிகின்றன, எண்ணிப் பார்த்தால் 14. தொட்டில் கொக்கிகள். நீங்களோ மேலே சாம்பல் நிறத்தில் பொய்க்கூரை அடித்து விளக்கு பதிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் காட்சிக்கூடத்திலேயே மிகப் பெரிய பொருள் அந்தக் கட்டடம். அது பொருள் வைக்கிற பெட்டி என்று நினைத்துத்தான் நீங்கள் உள்ளே என்ன வைக்கலாம் என்று தேடுகிறீர்கள்.

யோசித்துப் பாருங்கள். ரப்பர் மரத்துக்குள் அழுத்தம் விடியலில்தான் அதிகம், வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். அதனால்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இருட்டில் நடந்தது. பெரட்டு இருட்டில் நடந்ததால்தான் அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கதவுக்கு வந்தார்கள். வாசலில் ஆயா கை நீட்டி வாங்கியிருப்பார். வெயில் ஏறி, பால் தூக்கி, நிறுத்துப் போட்டுவிட்டு அம்மா திரும்பி வருவது பிள்ளைக்கு ஒரு யுகம். இப்போது 45, 55, 65 வயதில் உங்கள் கூடத்துக்கு வரப்போகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கொக்கிகளில் தொங்கியவர்கள். நீங்கள் வைத்திருக்கும் திட்டத்தில் அவர்கள் பார்வையாளர்கள். எனக்குத் தெரிந்து அவர்கள்தான் கதாபாத்திரம், வேலை செய்தவரின் பாத்திரம் இல்லை, காத்திருந்த பிள்ளையின் பாத்திரம். என் பழைய கூடத்தில் செக்ரோல் சீட்டு ஏன் எடுபடவில்லை என்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்: வந்தவருக்கு நான் கொடுத்த வேஷம் அவர் மேல் உட்காரவில்லை. இங்கே வேஷமே தேவையில்லை.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். முன்வாசலில் பெயர்ப்பலகை, வரலாறு, அமைச்சர் திறந்துவைத்த கல் எதுவும் வேண்டாம். கல் போட்டே ஆக வேண்டும் என்று கமிட்டி அடம்பிடிக்கும், அதைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். முதல் எட்டடி மங்கலான வெளிச்சம், இருட்டு வேண்டாம், வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். அங்கே ஒரே எழுத்து, ஆயாவின் பெயர். ஊரில் கேட்டால் கட்டாயம் யாருக்காவது தெரியும். ஒருவருக்கு மேல் இருந்திருந்தால் எல்லார் பெயரும், அவர்கள் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு. அப்புறம் கொக்கிகள். 14-இல் ஒன்றில் மட்டும் பழஞ்சேலைத் தொட்டில் கட்டுங்கள். பதிமூன்றைச் சும்மா விடுங்கள். பொம்மைக் குழந்தை போடாதீர்கள், அது பார்க்கிறவரின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். நடுவில் தரையோடு தரையாக, பிள்ளையின் கண் உயரத்தில், தகரக் குவளை, தட்டு. உளியும் மங்கும் வாளியும் இங்கே இருக்கக் கூடாது. பிள்ளை அதைப் பார்த்ததில்லை, அம்மா எங்கோ போயிருக்கிறாள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அவற்றை ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம், பின்னடியில் வையுங்கள். அறையின் முக்கால்வாசியைக் கடந்த பிறகுதான் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது தெரிய வேண்டும். இவ்வளவு நேரம் பிடித்துவைத்தது அங்கேதான் அவிழும். தொட்டுத் துடைக்கும் மங்குகளை அங்கே வையுங்கள். பின்கதவு திறந்தே இருக்கட்டும், உச்சி வெளிச்சம் அப்படியே உள்ளே வரட்டும். கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. இப்போது அங்கிருந்து பார்த்தால் ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனைதான் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். தெரியட்டும், மறைக்க வேண்டாம்.

கடைசி இடத்துக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1993-ல் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தடவை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 வினாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 வினாடி, அதற்கு மேல் 30 வினாடி, ஆனால் அந்த 30 வினாடியில் தண்ணீர் மெதுவாக 15 டிகிரிக்கு ஏறும். மூன்றாவது தடவைக்கு எது வேண்டும் என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். வலித்த நேரம் அதிகம்தான், முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்குகின்றன என்று இதை எல்லா டிசைன் வகுப்பிலும் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அது கையில் வலி, ஒரே வகை உணர்ச்சி, ஒன்றரை நிமிடம். சிரிப்பும் ஏக்கமும் பசியும் கால்வலியும் கலந்த முக்கால் மணி நேரத்துக்கு அதை அப்படியே தூக்கிப் பொருத்தலாமா என்றால், நான் பொருத்த மாட்டேன். ஆனால் முடிவைக் கவனிக்காமல் விட்டால் கெட்டுப்போகும் என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். எத்தனையோ கூடங்கள் நன்கொடை உண்டியலிலும் கழிப்பறைக் கதவிலும் முடிகின்றன. பெஞ்சில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். "உங்கள் கருத்து" என்று போட்டால் 'நன்று, வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஒரே கேள்வி போடுங்கள்: உங்களை இங்கே விட்டுவிட்டுப் போனவர் யார்? வாழ்ந்தவர்கள் பெயர் எழுதுவார்கள். வாழாதவர்களில் சிலர் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார்கள், அதுவும் ஒரு பதில்தான்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடுதிரை வாங்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அது கறுத்துப்போய் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும், செத்த திரையைப் போல ஒரு கூடத்தின் மானத்தை வாங்குவது வேறில்லை. முதல் செலவு கூரை ஒழுக்கு, கரையான் மருந்து, மின்கம்பி. அடுத்து நல்ல விளக்கு ஏழெட்டு. படங்களின் அசலை மாட்டாதீர்கள், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நகலெடுத்து மாட்டிவிட்டு அசலை உரியவர்களிடமே கொடுங்கள். குறிப்புகள் தமிழிலும் மலாயிலும், ஒவ்வொன்றும் ஐம்பது சொல்லுக்குள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் விட்டு அச்சடியுங்கள், மலாய்க்கு விடுகிற வரி இடைவெளியையே தமிழுக்கும் விட்டால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பார்வையாளர்களில் நிறையப் பேருக்குச் சர்க்கரை, கண் மங்கல். பெரிய எழுத்து, நாற்காலி நாலைந்து. உட்கார இடம் இல்லாத கூடத்தில் எந்த உணர்ச்சியும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது.

கண்கலங்குவதைத்தான் வெற்றி என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். திறந்த பிறகு இரண்டு மூன்று நாள் மூலையில் நோட்டோடு உட்காருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எந்த இடத்தில் பக்கத்திலிருப்பவரிடம் திரும்பிப் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். பேச்சு தொடங்கும் இடம்தான் உங்கள் கதை வேலை செய்யும் இடம். எந்தப் பொருளையும் தாண்டி ஆட்கள் நேராக நடந்துபோனால் அதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

என் தொழில் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மனநல நிபுணன் இல்லை. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பறிகொடுத்தவர்கள் ஊரில் இருக்கலாம், கள்ளுக்கடை, அடி உதை என்று சொல்ல விரும்பாத நினைவுகள் இருக்கலாம். அந்த வெற்றுத் தொட்டில் ஒருவருக்கு என்ன செய்யும் என்பதை வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் திறப்பதற்கு முன்பே ஊர்ப் பெண்களை அழைத்துக் காட்டுங்கள், யாராவது வேண்டாம் என்றால் இறக்கிவிடுங்கள், வாதாட வேண்டாம். லயத்து வீடுகளுக்கு இழப்பீடு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதை எந்தக் காட்சிக்கூடமும் வாங்கித் தராது. கூடத்தைப் பார்த்துவிட்டு 'பாவம், அழகாக நினைவு வைத்திருக்கிறார்கள்' என்று சொல்லி அந்தப் பேச்சையே முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அது இரண்டும் தனித்தனி வேலை என்று கமிட்டியிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். கடையில் ஒரு டப்பா சுண்ணக்கட்டி வாங்கி, தரையில் தடுப்பு எங்கே, மேசை எங்கே என்று கோடு போடுங்கள். அந்தக் கொட்டகையில் வளர்ந்த யாராவது ஒரு அக்காவைக் கூட்டி வந்து முன்வாசலில் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்னால் நடங்கள். அவர் எங்கே முதலில் அண்ணாந்து பார்க்கிறார் என்று பாருங்கள். அந்த இடத்தில் கோடு போட்டதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். கொக்கிகளின் துருவை இரும்புத் தூரிகையால் லேசாகத் தேய்த்தால் போதும், தொட்டில் கட்டும் கொக்கி உத்தரத்தில் ஆடாமல் இருக்கிறதா என்று தச்சரை வைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். சேலை உராய்ந்து உராய்ந்து வளைவின் உள்பக்கம் வழவழப்பாகியிருக்கும், விரலை வைத்தால் தெரியும்.